ஸ்டீவ் என்று கையெழுத்திட்டவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்தாறு வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு பன்னாட்டு மென்பொருள் நிறுவனத்தில் எச்.ஆர். வேலை எனக்கு. மார்ச் மாதம், மகளிர் தினம் வந்தால் எங்கள் டீமுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஊதா நிறத்தில் உடுத்திவரச் சொல்லி மெயில், வாசலில் ஆளுக்கொரு ரோஜா, மாலையில் எல்லோரையும் கூட்டி டவுன்ஹால் கூட்டம். இந்த முறை ‘பணியிடங்களில் பன்மைத்துவத்தை முன்னெடுத்த உலகத் தலைவர்கள்’ என்று 20 ஸ்லைடு தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

விவரம் தேடலாம் என்று நேற்று அமெரிக்கத் தலைமையகத்தின் இணையதளத்துக்குப் போனால், பன்மைத்துவத்துக்கு அவர்கள் சொல்லும் ‘டைவர்சிட்டி’ என்ற சொல்லையே காணோம். அந்தப் பொறுப்பில் இருந்தவருக்கு இப்போது வேறு பதவிப்பெயர். எங்களுக்கு ஒரு வரி தகவல் இல்லை. ஸ்லைடு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

போன வருடம் மகளிர் தினத்தையொட்டி எழுதிய கட்டுரையில் இந்த ரோஜா, கேக் வைபவத்தையெல்லாம் கிண்டலடித்திருந்தீர்கள். அப்போது சிரித்தேன். இப்போது கேட்கத் தோன்றுகிறது: எல்லாமே வேஷம்தானா? நிஜமாகவே எதையாவது மாற்றிய தலைவர் என்று ஒருவராவது உண்டா?

இன்னொன்று. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஊழியர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கிரெஷ் இருக்கிறது. சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைந்திருப்பார்கள். நான் சேர்ந்த மூன்று வருடமாகப் பூட்டித்தான் கிடக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆண்டுவிழா நாற்காலிகள் அடுக்கியிருக்கும். வருடா வருடம் படிவத்தில் ‘கிரெஷ் – உண்டு’ என்று டிக் செய்து அனுப்புவது நான்தான்.

(பெயர் வேண்டாம் அக்கா.)

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். கிரெஷ் பத்தியையும் எடுத்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். அந்தச் சாலையில் யானை வரைந்து பூட்டிவைத்த அறை ஒன்றே ஒன்றுதானா இருக்கப்போகிறது, அதை வைத்து உங்களைப் பிடிக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

கிண்டலடித்தது உண்மைதான். ரோஜாவைப் பற்றி இப்போதும் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் எல்லாமே வேஷமா என்று கேட்டால், இல்லை.

உங்கள் தலைமையகம் மட்டும் தனியாக எதையும் செய்துவிடவில்லை. 2020இல் மினியாபொலிஸில் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலுக்கடியில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த பிறகு, அமெரிக்க நிறுவனங்கள் போட்டிபோட்டுக்கொண்டு இந்த டைவர்சிட்டிக்கென்று பதவிகளை உண்டாக்கின. 2023 ஜூனில் ஹார்வர்ட் வழக்கில், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. காற்று திரும்பிவிட்டது என்று கம்பெனிகளுக்குப் புரிந்துவிட்டது. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றதுமே இந்தத் திட்டங்களுக்கு எதிரான ஆணைகளில் கையெழுத்திட்டார். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா அதுவரைகூடக் காத்திருக்கவில்லை, பத்து நாள் முன்பே தன் திட்டங்களை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. எல்லோரும் ஓடினார்கள் என்றும் சொல்ல முடியாது. அதே மாதம் காஸ்ட்கோ என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தில் இந்தத் திட்டங்களைக் கேள்விக்குள்ளாக்கி வந்த தீர்மானத்தைப் பங்குதாரர்கள் 98 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளில் தோற்கடித்தார்கள். இருந்தாலும், அவசரமாக வந்த பதவிகளில் பல வந்த வேகத்திலேயே போய்விட்டன.

அதனால் உங்கள் கேள்வியை நான் இப்படி மாற்றிக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லை அழித்த பிறகும் மிஞ்சுகிற மாதிரி யாராவது எதையாவது செய்திருக்கிறார்களா? எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஸ்டெஃபனி ஷெர்லி.

1933இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். அப்பா யூதர், நீதிபதி. நாஜிகள் வந்ததும் பதவி போனது. 1939இல், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவுடன், வியன்னாவிலிருந்து குழந்தைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ரயிலில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். வளர்த்தது முன்பின் தெரியாத ஒரு குடும்பம். பதினெட்டு வயதில் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். மாலை வகுப்புக்குப் போய்க் கணிதப் பட்டம் வாங்கினார். எங்கே வேலைபார்த்தாலும் ஒரு படிக்கு மேல் ஏறவிடவில்லை.

1962இல் வேலையை விட்டார். கையில் ஆறு பவுண்டு. வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் மென்பொருளை யாரும் தனியாகக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். கம்ப்யூட்டரோடு சும்மா வரும், ஆடித் தள்ளுபடியில் குக்கரோடு வரும் எவர்சில்வர் கிண்ணம் மாதிரி. அதை விற்கப்போகிறேன் என்று ஒரு பெண் கிளம்பினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

கம்பெனிகளுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். பதிலே இல்லை. கணவர் ஒரு யோசனை சொன்னார்: ஸ்டெஃபனி என்று போடாதே, வீட்டில் கூப்பிடுகிறபடி ஸ்டீவ் என்று போடு. போட்டார். சந்திக்க வரச்சொல்லிப் பதில்கள் வர ஆரம்பித்தன. வந்திருப்பது ஆணில்லை என்று அவர்களுக்குத் தெரியும்போது அவர் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார். 2025 ஆகஸ்டில் 91 வயதில் காலமாகும்வரை அவர் ஸ்டீவ்தான்.

அவர் வேலைக்கு எடுத்தது யாரை என்பதுதான் விஷயம். கல்யாணம் ஆனதும் குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட புரோகிராமர் பெண்களை. முதல் 300 பேரில் ஆண்கள் மூன்றே பேர். லண்டன் பங்குச் சந்தை பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1973இல்தான், அங்கே பெண் பஸ் ஓட்ட 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதோடு சேர்த்து இதைப் பாருங்கள். எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை, எப்போது செய்வது என்பது அவரவர் இஷ்டம். வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? தாளில் பென்சிலால் நிரலை எழுதித் தபாலில் அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் படிப்பதற்காக, அதைப் பார்த்து வேறொருவர் அட்டையில் துளையிட வேண்டும். வேலை கேட்டு வருகிறவரிடம் தவறாமல் கேட்ட கேள்வி, வீட்டில் டெலிபோன் இருக்கிறதா என்பது. கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல்கூட இப்படி வீடுகளில் உட்கார்ந்து எழுதியதுதான்.

அவர் வீட்டு டெலிபோன் மணி அடித்தால், எடுப்பதற்கு முன் டேப் ரெக்கார்டரைத் தட்டிவிடுவாராம். தட்டச்சு இயந்திரம் படபடவென்று ஓடும் சத்தம் அதில் பதிவாகியிருக்கும். பின்னணியில் குழந்தை அழுதால் வாடிக்கையாளர் காதில் விழக் கூடாது, பரபரப்பான ஆபீஸ் என்று நினைக்க வேண்டும். 2020 ஊரடங்கின்போது மீட்டிங் நடுவே குக்கர் விசிலடிக்க, “யாரோ மியூட்ல இல்ல” என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோமே, அப்போது எனக்கு இந்த டேப்தான் ஞாபகம் வந்தது.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1999. மகளுக்கு மூன்று மாதம். அன்றைய சட்டப்படி பேறுகால விடுப்பு 12 வாரம்தான், 2017இல்தான் அது 26 ஆனது. ஆபீசில் ஒய்டூகே வேலை, அதாவது 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பிவிடாமல் திருத்தும் வேலை, தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய பழைய நிரல்களில் தேதி வருகிற இடங்களைத் தேடிப்பிடித்து, இரண்டு இலக்க வருடத்தை நான்கு இலக்கமாக்க வேண்டும். பாதி வேலைக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். பச்சைப் பட்டை போட்ட மடிப்புத் தாளில் அச்செடுத்துக்கொண்டு, தேதி வரும் வரிகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே போவதுதான். “சுழிக்கிற வேலைய வீட்ல முடிச்சுட்டு வாரத்துல ரெண்டு நாள் வர்றேன் சார்” என்று மேலாளரிடம் கேட்டேன். கெட்ட மனிதர் இல்லை அவர். “உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களேம்மா” என்றார். அந்த வாரம் முழுக்க மத்தியானங்களில் ஸ்டேஷனரி அறையில் தாள்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பாலைப் பீய்ச்சி டம்ளரில் எடுத்துக் கொட்டினேன். ஒருநாள் ஸ்டேப்ளர் பின் வேண்டும் என்று யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுத்தேன்.

பல வருடம் கழித்து ஷெர்லியைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பெல்லாம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நான் கேட்டதை 37 வருடத்துக்கு முன்பே ஒருத்தி பென்சிலையும் தபாலையும் வைத்துச் செய்துகாட்டியிருக்கிறாள்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி இனிதான். 1975இல் பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. பெண்களுக்கு நல்லது செய்ய வந்த சட்டம். அது நேராக வந்து ஷெர்லியின் கழுத்தைப் பிடித்தது, பெண்களுக்கு முன்னுரிமை என்று இனிச் சொல்லக் கூடாது, ஆண்களையும் சேர்த்தாக வேண்டும். சேர்த்தார். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யலாம், உட்கார்ந்த மணிக்கணக்கைவிட முடித்த வேலைதான் முக்கியம் என்ற ஏற்பாட்டில் யாரும் கைவைக்கவில்லை. அது ஆணுக்கும் பொருந்தியது. பின்னாளில் கம்பெனியின் பங்குகளையும் ஊழியர்களுக்குக் கொடுத்து, அவர்களில் 70 பேரை மில்லியனர்களாக்கினார். சட்டம் கழற்றியது பெயர்ப்பலகையை மட்டும்தான். உங்கள் இணையதளத்தில் காணாமல்போன சொல்லும் எனக்கு ஒரு பெயர்ப்பலகையாகத்தான் படுகிறது. அதன் பின்னால் ஏதாவது கட்டியிருந்தார்களா என்று பார்க்க வேண்டும்.

அந்தச் சாப்பாட்டு மேசைக் கம்பெனி பெயர் மாறி மாறி ‘சான்ஸா’ ஆகி, நொய்டாவிலும் சென்னையிலும் அலுவலகம் வைத்திருந்தது. 2007இல் பிரான்சின் ஸ்டீரியா நிறுவனம் அதை வாங்கியது. உங்கள் ஆபீசிலேயே பழைய சான்ஸா ஆட்கள் இரண்டுபேர் இருந்தாலும் ஆச்சரியமில்லை, கேட்டுப்பாருங்கள்.

ஷெர்லிக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. பெயரே சொல்கிறது, அவர்கள் ஃப்ரீலான்ஸ் ஆட்கள். வேலை வராத மாதம் காசும் வராது. அதோடு அவர்கள் ஏற்கெனவே படித்து, வேலை பழகி, அறுபதுகளிலேயே வீட்டில் டெலிபோன் வைத்திருந்தவர்கள். அந்த வீட்டைப் பெருக்க வந்த பெண்ணுக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை.

அதனால் 20 ஸ்லைடில் ஒன்றைக் கோழிக்கோடு விஜிக்கு ஒதுக்குங்கள். தையல்காரர். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைசெய்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே பகலை ஓட்டுவார்கள். உட்காரவும் கூடாது. 2009இல் ‘பெண்கூட்டு’ என்று அமைப்புத் தொடங்கி விஜி கேட்டது இரண்டே பொருள்: கழிப்பறை, நாற்காலி. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அந்த வருடம் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் போட்டது.

போன மாதம் தி.நகரில் ஒரு கடைக்குப் போனேன். சட்டப்படி ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதன்மேல் பிரிக்காத புடவைக் கட்டு. அந்தப் பெண் நின்றபடியே எனக்குப் பதினேழு புடவை விரித்துக் காட்டினாள். எட்டாவதிலேயே என் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, கிரெஷ். பேறுகாலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்திலிருந்தே, 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்கிற இடத்தில் அது இருந்தாக வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்று எண்ணிக்கைகூட எழுதியிருக்கிறது. அந்த அறையை டிரம்ப் வந்து பூட்டவில்லை. உங்கள் தலைமையகத்தில் ‘டைவர்சிட்டி’ என்ற சொல் பெரிய எழுத்தில் மின்னிக்கொண்டிருந்த காலத்திலேயே அது பூட்டித்தான் கிடந்திருக்கிறது.

டிக் செய்யாதீர்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், சம்பளம் உங்களுடையது. இந்த வருடம் ‘உண்டு’ என்பதற்குப் பக்கத்தில் ‘பூட்டியுள்ளது’ என்று ஒரு சொல் மட்டும் சேர்க்க முடியுமா பாருங்கள். அதற்கும் முன்னால், அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது? அட்மினிடமா, செக்யூரிட்டியிடமா? விசாரித்துவிட்டு எழுதுங்கள்.