கை மாறும் ஸ்கெட்ச்புக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் படம் வரையும் தோழிகள் ஐந்து பேர். ஒரே ஸ்கெட்ச்புக்கை ஆளுக்கு இரண்டு வாரம் வைத்து வரைந்து சுற்றுக்கு விடலாம் என்று பேசியிருக்கிறோம். என்ன தாள் வாங்க வேண்டும், எப்படி நடத்துவது?
– வாசகி, பாளையங்கோட்டை

ஒன்று போதாது, ஐந்து புத்தகம் விடுங்கள். ஒன்றே என்றால் ஒருத்தி கையில் இருக்கும்வரை மற்ற நால்வரும் காத்துக் கிடக்க வேண்டும். அதற்குள் ஆர்வம் ஆறிப்போகும். ஆளுக்கொன்று இருந்தால் எல்லோர் கையிலும் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். பத்தாவது வாரம் முடியும்போது ஒவ்வொன்றும் ஐந்து பேர் கையும் பட்டு உரியவரிடம் திரும்பிவிடும்.

தாள் 200 ஜிஎஸ்எம் எடுங்கள் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). பென்சில், பேனா, மெல்லிய வாட்டர்கலர் மூன்றையும் தாங்கும். 100, 120 எல்லாம் பென்சிலுக்குச் சரி. தண்ணீர் பட்டால் அலையலையாக நெளியும். 300 வாட்டர்கலருக்கு அருமைதான், ஆனால் தைத்தால் முதுகு தடித்துப் புத்தகம் விரிந்து கிடக்காது.

கடையில் வாங்குவதைவிட நீங்களே தைப்பது நல்லது. ஒரு புத்தகத்துக்கு 22 × 30 அங்குல முழுத்தாள் மூன்று போதும். ஒவ்வொன்றையும் 11 × 15 அங்குலத்தில் நான்காக வெட்டி, 15 அங்குலப் பக்கம் பாதியாகும்படி நடுவில் மடியுங்கள். மூன்று மடிப்பை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒரு கட்டு. நான்கு கட்டு சேர்ந்தால் 24 இலை. ஆளுக்கு நான்கு இலை போக நான்கு மிஞ்சும். அந்த நான்கை விட்டுவிடாதீர்கள், வேலை இருக்கிறது. வாங்கும்போதே தாளை மெதுவாக வளைத்துப் பாருங்கள். 22 அங்குலப் பக்கத்துக்கு இணையாகச் சுருட்டும்போது எளிதாக வளைந்தால் தாளின் நார் இழை நமக்கு வேண்டிய திசையில் ஓடுகிறது. இழைக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பில் தாள் வெடிக்கும், பக்கம் படியாது. தைக்கும் நூலை மெழுகுவத்தியில் இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது.

மிஞ்சிய நான்கு இலையில் ஒவ்வொருவரும் தம் பெயர், தேதி, பயன்படுத்திய மை, வண்ணம் எல்லாவற்றையும் கோடாகவும் தீற்றலாகவும் போட்டு வையுங்கள். அந்தக் கோட்டின் மேல் ஈரத் தூரிகையால் ஒரு இழுப்பு. கரைகிற மையா, கரையாததா என்று அடுத்தவருக்கு அப்போதே தெரிந்துவிடும். சாதாரண ஃபவுன்டன் பேனா மை பெரும்பாலும் கரையும். ஸ்பிரிட் மார்க்கர் 200 ஜிஎஸ்எம் தாளிலும் பின்பக்கம் ஊறும். அதைப் பயன்படுத்துகிறவர் ஒரு பக்கம் மட்டும் வரையட்டும்.

விதி இரண்டே இரண்டு வையுங்கள். அடுத்தவர் பக்கத்தில் கை வைக்கக் கூடாது. முந்தைய பக்கத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு தன் பக்கத்தைத் தொடங்க வேண்டும்: ஒரு நிறம், ஒரு வடிவம், கோடு சாய்ந்த திசை, ஏதாவது ஒன்று. ஒருத்தி குறுக்குத்துறை முருகன் கோயில் கல் மண்டபத்தை வரைந்திருந்தால், அடுத்தவள் தூண்களுக்கு நடுவே உள்ள நீள்சதுர வெளியை மட்டும் எடுத்துக்கொண்டு தன் வீட்டு ஜன்னலுக்குப் போகலாம். 'எதையும் வரையலாம்' என்று விட்டால்தான் பக்கம் காலியாகவே இருக்கும்.

கேள்வி: குற்றாலத்தில் சாரல் நேரத்தில் வரைந்தால் வண்ணம் காயவே மாட்டேன் என்கிறது. மூடி வைத்தால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், தென்காசி

போஸ்டர் கலர், வாட்டர்கலர் இரண்டிலும் வண்ணத்தைப் பிடித்து வைப்பது பசை. தடிமனாகப் பூசியிருந்தால் அது காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அருவிப் பக்கம் உட்காரும் நாளில் பென்சில், கரையாத மை, ஒரே ஒரு மெல்லிய பூச்சு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அடர்ந்த நிறத்தை வீட்டில் போடலாம். காய்ந்ததா என்று அறிய விரலின் பின்புறத்தால் தொடுங்கள். ஜில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, மூடாதீர்கள். காய்ந்த பிறகு இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள்.

அக்ரிலிக் கதை வேறு. அது காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். நம் ஊர் சித்திரை வெயிலில் இரண்டு அக்ரிலிக் பக்கம் ஒன்றையொன்று பார்த்து அழுந்தினால் பிரிக்கும்போது உரிந்து வரும். அதற்குச் சிலிக்கான் பூசிய, கேக் சுடும் தட்டில் விரிக்கும் பேப்பர்தான் சரி. ஈரப் புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி மூடுவது பூஞ்சைக்கு வழி விடுவது.

கேள்வி: நண்பன் வரைந்ததைப் பார்த்து அதே போல வரைந்தால் திருட்டா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி டவுன்

பழகுவதற்கு வரைந்து, கீழே 'இன்னாரைப் பார்த்து' என்று எழுதிவிட்டால் திருட்டு இல்லை. தன் பெயரில் விற்றால், போட்டிக்கு அனுப்பினால் திருட்டுதான். ஆனால் முடிந்த படத்தைப் பார்த்து வரைவதில் லாபம் குறைவு. எதை விட வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்ற முடிவுகளையெல்லாம் அவர் ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டார்.

இருவரும் சேர்ந்து கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போங்கள். அங்குள்ள தூண் சிற்பம் ஒன்றின் முன் 20 நிமிடம். ஒருவர் வெளிக்கோடு மட்டும். இன்னொருவர் கோடே இல்லாமல் நிழல் மட்டும், 4பி என்ற மென்மையான, அடர்ந்த பென்சிலைப் படுக்கவைத்து. பிறகு இடம் மாறாமல் வேலையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கடைசியில் நான்கு படத்தையும் தரையில் பரப்பினால், நிழல் போட்டவர் கண்டுபிடித்த முழங்கால் மடிப்பை வெளிக்கோட்டுக்காரர் தவறவிட்டது தெரியும். இப்படி வாங்கிக்கொள்வதுதான் உண்மையான கொடுக்கல் வாங்கல்.

கேள்வி: பென்சில் படத்தை போனில் எடுத்து அனுப்பினால் தாள் சாம்பல் நிறமாகத் தெரிகிறது.
– வாசகி, அம்பாசமுத்திரம்

வெள்ளைத்தாளை கேமரா தானாகவே மங்கலாக்கும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். நேர்வெயில் விழாத ஜன்னலோரம், டியூப்லைட்டை அணைத்து, போனைத் தாளுக்கு இணையாகப் பிடியுங்கள். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் ஓரங்கள் வளையாது. அடர்ந்த பென்சில் பளபளத்தால், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி தாளைத் திருப்புங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் சுற்றுக்கு விடும் ஸ்கெட்ச்புக்கைக் கையில் வாங்கினால் திருப்பித் தருவதே இல்லை. கேட்டால் 'இன்னும் வரையல' என்கிறார்.
– வாசகர், வீரவநல்லூர்

வரையாவிட்டாலும் குறித்த நாளில் புத்தகம் நகர்ந்தாக வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அவருக்குரிய இலைகள் காலியாகவே இருக்கட்டும். அடுத்த சுற்றில் வரையலாம். பெரும்பாலும் சோம்பல் காரணமாக இருக்காது, முன்னால் உள்ள பக்கம் நன்றாக இருக்கிறதே என்ற பயம்தான். அவருக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்யுங்கள்: தனித்தாளில் வரைந்து, பிடித்திருந்தால் வெட்டி ஒட்டட்டும். பசை நான்கு மூலையில் மட்டும் போதும். முழுக்கத் தடவினால் அந்த இலை சுருண்டுவிடும்.