டைரக்டர் ஆஃப் ஃபுட்பால் என்ற பதவியால் கிளப்புக்கு உண்மையில் பலன் உண்டா?

உண்டு. ஆனால் ஆட்களை வாங்குவது, விற்பது போன்றவற்றைப் பார்க்கும் இந்த டைரக்டர் கோச்சுக்கு முன்னால் வந்தாரா, பின்னால் வந்தாரா என்று பார்க்க வேண்டும். அவர் முதலில் வந்து, கோச்சை அவரே தேர்ந்தெடுத்த கிளப்புகள் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. கோச் ஏற்கெனவே வேலையில் இருக்கும்போது, முதலாளி இன்னொருவரைக் கொண்டுவந்து அவர் தலைக்கு மேல் உட்காரவைத்த இடங்களில் பெரும்பாலும் சண்டைதான் நடந்திருக்கிறது.

"டீமைத் தேர்வு செய்வது கோச், தோற்றால் வேலை போவதும் கோச்சுக்குத்தான். அப்படியிருக்க ஆட்களை வாங்க இன்னொருவர் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் வெகுகாலம் எல்லோரும் இப்படித்தான் நினைத்தார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசன், ஆர்சனலில் வெங்கர் காலத்தில் மேனேஜர் (அங்கே கோச்சை அப்படித்தான் சொல்வார்கள்) சொல்வதுதான் சட்டம். ஜெர்மனியில் அப்படி இல்லை. ஊலி ஹோனஸ் 1979இல், 27 வயதில், பயர்ன் மியூனிக்கின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்து 2009 வரை அதில் இருந்தார். அந்த முப்பது வருஷத்தில் எத்தனையோ கோச்சுகள் வந்து போனார்கள், கிளப்பின் போக்கு மாறவில்லை.

யாரை வாங்குவது, யாரை விற்பது, எவ்வளவு சம்பளம், ஜூனியர் பையன்களில் யாரை மேலே ஏற்றுவது, இந்த கோச் போனால் அடுத்து யார். இவைதான் டைரக்டர் ஆஃப் ஃபுட்பாலின் வேலை. சில கிளப்புகளில் ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்பார்கள்.

நான் சென்னை வியாசர்பாடிக்காரன். முல்லை நகர் கிரவுண்டில் ஆடி வளர்ந்தவன், இப்போதும் சாயங்காலம் அங்கேதான் இருப்பேன். எங்கள் பக்கத்துச் சின்ன கிளப்புகளில் இந்த வேலையைச் செய்பவர் செகரட்டரி. பிராக்டீஸ் நடக்கும்போது கோச் மைதானத்தின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருப்பார். செகரட்டரி கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், கையில் ஒரு நீள நோட்டோடு நிற்பார். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம். பிறந்த தேதி, எந்தப் பள்ளி, எந்தக் கால், ஷூ சைஸ், ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தானா இல்லையா, அப்பாவுக்கு என்ன வேலை, எல்லாம் அதில் இருக்கும்.

அந்த நோட்டு எதற்கு என்றால், எங்கள் கிளப்புகளில் நன்றாக ஆடுகிறவன் நிலைக்க மாட்டான். ஐசிஎஃப், தெற்கு ரயில்வே மாதிரி டிபார்ட்மென்ட் டீம்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கூப்பிட்டால் போய்விடுவான். போகத்தான் வேண்டும். வீட்டில் அந்த வேலைக்காகத்தானே காத்திருக்கிறார்கள், அவனை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆக ஒவ்வொரு சீசனும் டீமில் எங்காவது ஓட்டை விழும். ஒருமுறை கோச் வந்து, "அண்ணே, அந்த லெஃப்ட் பேக் பையன் வேஸ்ட்டா உக்காந்திருக்கான், அனுப்பிட்டு ஒரு ஃபார்வர்டு கொண்டாங்க" என்றார். செகரட்டரி நோட்டைப் புரட்டிவிட்டு, "இப்ப ஆடுறவன் பொங்கலுக்கு அப்புறம் ரயில்வேக்குப் போய்டுவாம்பா, அப்ப யார நிறுத்துவ?" என்று கேட்டார். கோச் சொன்னதும் தப்பில்லை, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கிறது. ஆனால் பொங்கலுக்கு அப்புறம் என்ன என்று யோசிக்க ஒரு ஆள் தனியாக வேண்டும்.

ஸ்பெயினின் செவியா கிளப்பின் கதையும் இதேதான், தொகை மட்டும் பெரியது. 2000இல் அந்த கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது, கையில் காசும் இல்லை. அங்கேயே கோல்கீப்பராக இருந்த மொன்சியை ஸ்போர்ட்டிங் டைரக்டர் ஆக்கினார்கள். ரெயஸை 2004இல் ஆர்சனலுக்கும், செர்ஹியோ ராமோஸை 2005இல் ரியல் மாட்ரிட்டுக்கும் விற்றார்கள். இரண்டு பேரும் சொந்த ஊரில் வளர்ந்த பையன்கள். வேறு கிளப்பாக இருந்தால் அதோடு சரிந்திருக்கும். செவியா 2006இல் யூஇஎஃப்ஏ கோப்பையை (இப்போதைய யூரோப்பா லீக்) வென்றது, 2007இலும் வென்றது. பிரேசிலின் பாஹியா கிளப்பிலிருந்து சின்ன வயதிலேயே கொண்டுவந்த டானி ஆல்வெஸ் அந்த டீமில் இருந்தார். அவரையும் 2008இல் பார்சிலோனாவுக்கு விற்றார்கள். அப்புறம் 2014, 2015, 2016 என்று வரிசையாக மூன்று யூரோப்பா லீக். 2006இல் கோச் ஹுவாண்டே ராமோஸ், 2014இல் உனாய் எமெரி. இரண்டு காலத்துக்கும் நடுவில் மாறாமல் இருந்தவர் மொன்சி. கோச்சைத் தேடும் வேலையும் அவர் கையில்தான் இருந்தது.

இப்போது மறுபக்கம். இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்பில் 2008 ஜனவரியில் கெவின் கீகனை மேனேஜராகக் கொண்டுவந்தார்கள். ஊரே கொண்டாடியது. அந்த மாதமே டெனிஸ் வைஸை ஆட்கள் வாங்கும் பொறுப்பில் போட்டார்கள். இக்னாசியோ கொன்சாலெஸ் என்ற உருகுவே வீரரை, கீகன் வேண்டாம் என்று சொல்லியும், லோனில் எடுத்தார்கள். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள யூடியூபில் பார்க்கும்படி கீகனிடம் சொன்னார்களாம். இது பின்னால் நடந்த விசாரணையில் வெளியே வந்தது. செப்டம்பரில் கீகன் ராஜினாமா செய்தார். வீரர்களை வாங்குவதில் கடைசிச் சொல் அவருடையது என்று 2009இல் தீர்ப்பாயம் சொல்லி, 20 லட்சம் பவுண்டு நஷ்டஈடும் கொடுத்தது. கீகன் போன அந்த 2008-09 சீசன் முடிவிலேயே நியூகாசில் கீழ் டிவிஷனுக்குப் போயிருந்தது. இந்தக் கதையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. பதவியைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசிச் சொல் யாருடையது என்பதை வெளிப்படையாகப் பேசி முடிக்காமல் இரண்டு பேரை உள்ளே விட்ட முதலாளியைத்தான் சொல்ல வேண்டும்.

செல்சியில் 2007 ஜூலையில் மொரீனியோ கோச்சாக இருக்கும்போதே அவ்ரம் கிரான்ட் டைரக்டர் ஆஃப் ஃபுட்பாலாக வந்தார். செப்டம்பரில் மொரீனியோ போய், கிரான்ட்டே கோச் ஆகிவிட்டார். இப்படிப் பார்த்தால் எந்த கோச்சுக்குத்தான் அந்தப் பதவியில் இருப்பவர் மேல் நம்பிக்கை வரும்? மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலையில் டான் ஆஷ்வொர்த்தை ஸ்போர்ட்டிங் டைரக்டராகக் கொண்டுவந்தது. கோச் டென் ஹாக்கை வைத்துக்கொள்வது என்ற முடிவை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். டிசம்பரிலேயே ஆஷ்வொர்த் வெளியேறினார். மான்செஸ்டர் சிட்டி இதற்கு நேர் எதிர். டைரக்டர் பெகிரிஸ்தைன் வந்தது 2012இல், கோச் குவார்டியோலா வந்தது 2016இல்.

"லிவர்பூலில் கோச் க்ளோப் முதலில் வந்தார், மைக்கேல் எட்வர்ட்ஸ் அப்புறம்தானே ஸ்போர்ட்டிங் டைரக்டர் ஆனார்?" என்று யாராவது கேட்கலாம். பதவியின் பெயர் கிடைத்தது 2016 நவம்பரில், க்ளோப் வந்து ஒரு வருஷம் கழித்து. ஆனால் எட்வர்ட்ஸ் 2011 முதல் அந்த கிளப்பின் உள்ளே புள்ளிவிவர வேலையில் இருந்தவர். க்ளோப் வந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். 2018 ஜனவரியில் மிட்ஃபீல்டர் கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு, கூடுதல் தொகைகளும் சேர்த்து, சுமார் 14 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். அதே மாதம் டிஃபென்டர் வான் டைக்கை 7.5 கோடிக்கு எடுத்தார்கள், அந்தக் கோடையில் கோல்கீப்பர் அலிசனை. 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் முப்பது வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம். 2017இல் ஃபார்வர்டு சலாவை எடுக்கலாம் என்று எட்வர்ட்ஸ் குழு வற்புறுத்தியபோது, க்ளோப் மனதில் இருந்தவர் யூலியான் பிரான்ட் என்ற ஜெர்மன் வீரர். க்ளோப் கடைசியில் ஒத்துக்கொண்டார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். கோச்சின் சம்மதம் இல்லாமல் ஆள் வரவில்லை, கோச் நினைத்த ஆளும் வரவில்லை.

சலாவையும் அலிசனையும் லிவர்பூலுக்கு விற்ற இத்தாலிய கிளப் ரோமாவில் அப்போது ஸ்போர்ட்டிங் டைரக்டராக இருந்தவர் யார் தெரியுமா? அதே மொன்சிதான். 2017இல் அங்கே போனார், தி ஃபிரான்செஸ்கோவைக் கோச் ஆக்கினார், 2018இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனார்கள். 2019 மார்ச்சில் கோச்சும் போனார், மொன்சியும் போனார். ஆக என் கணக்கில் இன்னொன்றும் சேர வேண்டும்: அவகாசம். செவியாவில் மொன்சி வந்த பிறகு முதல் கோப்பைக்கு ஆறு வருஷம் பொறுத்தார்கள். ரோமாவில் அவருக்கு இரண்டு வருஷம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

நம்ம சென்னையின் எஃப்சியையும் சொல்லிவிடுகிறேன், இங்கே பலருக்கும் அந்த டீம் மேல் பிரியம் உண்டு. எங்கள் வியாசர்பாடி தனபால் கணேஷ் ஆடிய டீம். 2015லும் 2017-18லும் ஐஎஸ்எல் பட்டம் வென்றது. அப்புறம் 2019-20இலிருந்து 2022-23 வரை நான்கு சீசனில் கிரெகரி, ஓவன் கோயல், லாஸ்லோ, பந்தோவிச், பிரடாரிச் என்று ஐந்து கோச்சுகள். ஒவ்வொருவரும் அவரவர் பாணியில் ஆடச் சொல்வார்கள், அதற்கேற்ற ஆட்களைக் கேட்பார்கள். கேட்ட கோச் போன பிறகும் வாங்கிய வீரர்கள் ஒப்பந்தத்தோடு இருப்பார்கள். இந்த மாற்றங்களில் பலவற்றுக்கு நடுவில் துணைக் கோச்சாக இருந்தவர் சபீர் பாஷா. இந்தியன் பேங்க் டீமுக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர். 2022இல் பந்தோவிச் போனதும் இடைக்காலமாக டீமைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். முல்லை நகரில் எந்தப் பையன் ஆடுகிறான், கொல்கத்தாவில் எவன் கிடைப்பான் என்று தெரிந்த இப்படி ஒருவரை, கோச் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே டைரக்டர் நாற்காலியில் உட்காரவைத்து, வருகிற வெளிநாட்டு கோச்சிடம் "ஆள் எடுப்பதை இவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஐந்து வருஷமாவது அவர் மேல் கை வைக்கக் கூடாது. இதற்கு ஒரு வெளிநாட்டு ஃபார்வர்டின் சம்பளத்துக்கு மேல் செலவாகும் என்று நான் நினைக்கவில்லை.