டேங்குக்குள் யாராவது பார்த்தார்களா?

டூல்ஸ் பெட்டி: வாசகர் கேள்விகளுக்கு, திண்டுக்கல்லில் 34 வருடம் பட்டறை நடத்தி ஓய்ந்த ஒரு டீசல் மெக்கானிக்கின் பதில்கள்

கேள்வி: என்னுடையது 2017 மாடல் டீசல் பிக்கப். 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பாச்சலூருக்கு உர மூட்டையும் மளிகையும் ஏற்றிப் போவேன். இறங்கும்போது சவ்சவ், வாழைத்தார். ஒரு வருடமாக மலையில் பாதி ஏறியதும் இழுவை போய்விடுகிறது. மிதித்தால் உறுமுகிறது, நகர மாட்டேன் என்கிறது. இன்ஜின் லைட்டும் எரிகிறது. ஓரங்கட்டிவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் கொஞ்ச தூரம் பழையபடி ஓடும். முதல் மெக்கானிக் டர்போவை மாற்றினார். அடுத்தவர் நாலு இன்ஜெக்டரையும் மாற்றினார். மூன்றாமவர் பம்ப்பில் கை வைத்தார். 78,000 ரூபாய் போனதுதான் மிச்சம். புதுசு எடுத்துவிடலாம் என்கிறார் மனைவி. டியூவை நினைத்தால் தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?
வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: "டீ குடித்து வந்தால் ஓடும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அந்த மூன்று பேரிடமும் சொன்னீர்களா? சொல்லியும் அவர்கள் டர்போவைக் கழற்றினார்கள் என்றால், இனி அந்தப் பக்கம் போகாதீர்கள். கெட்டுப்போன டர்போ டீ குடிக்கும் நேரத்தில் குணமாகாது. தேய்ந்த இன்ஜெக்டரும் அப்படித்தான்.

நானும் யோக்கியன் இல்லை. 1998-ல் ஒரு பால் வண்டி இதே நோயோடு என்னிடம் வந்தது. பம்ப்பைக் கழற்றி காலிபரேஷனுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் வண்டி அதே நோயோடு திரும்பி வந்தது. மறுபடியும் பம்ப்பையே அனுப்பினேன். மூன்றாவது தடவை வண்டிக்காரர் ஒன்றும் பேசாமல் என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று காலை பால் திரிந்து, மொத்தத்தையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்திருந்தார். பட்டறையில் எடுபிடியாக இருந்த பையன்தான் "டேங்க்ல பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டான். டேங்கை இறக்கினோம். உள்ளே ஒரு கிழிந்த பனியன் துணி. யாரோ டீசல் ஊற்றும்போது மூடிக்குப் பதில் சொருகியது விழுந்திருக்கிறது. பம்ப் காசைத் திருப்பிக் கொடுத்தேன். பால் காசைக் கொடுக்க அன்றைக்கு எனக்கு வக்கில்லை.

விஷயம் இதுதான். சமதளத்தில் இன்ஜின் கொஞ்சமாக டீசல் குடிக்கும். லோடோடு மேடு ஏறும்போது வேகமாக உறிஞ்சும். டேங்கின் அடியில் கிடக்கும் துணியோ கசடோ அந்த இழுப்பில் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் இழுப்பு நின்று கீழே விழுந்துவிடும். டேங்கில் தண்ணீர் சேர்ந்திருந்தால் பாசி மாதிரி ஒரு வழவழப்புக்கூட டீசலில் வளரும். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

உங்களுக்கும் அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒன்று கவனியுங்கள். இழுவை போனதும் சாவியை அணைத்து, பத்து விநாடியில் திரும்பப் போடுங்கள். உடனே சரியானால், இசிஎம், அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், ஏதோ ஒரு சென்சார் சொன்னதைக் கேட்டு பவரைக் குறைத்திருக்கிறது, சாவியை அணைத்ததும் அது விலகியது என்று அர்த்தம். கால் மணி நேரம் காத்திருந்தால்தான் சரியாகிறது என்றால் டேங்க், ஃபில்டர், உறிஞ்சு குழாய், அல்லது சூடேறினால் மட்டும் கோளாறு காட்டும் சென்சார்.

அப்புறம் ஸ்கேனர், இசிஎம்மில் இருப்பதைப் படித்துக் காட்டும் கருவி. பட்டறையில் ஐடிலில் வைத்துப் பார்ப்பது வீண். மெக்கானிக்கைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, லோடோடு வடகாடு தாண்டி மேடு ஏறுங்கள். திரையில் இரண்டு எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்: இன்ஜின் கேட்கும் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம்), உண்மையில் கிடைக்கும் ரெயில் பிரஷர். கேட்பது ஏற ஏறக் கிடைப்பது இறங்கினால் டீசல் வரத்தில்தான் குறை. அப்போது பெரும்பாலும் பி0087 என்ற கோளாறுக் குறியீடு விழுந்திருக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், இன்ஜின் ஓடும்போது ரெயில் பைப் நட்டில் யாரையும் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டி வரலாம்.

வரத்துக் குறை என்று தெரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், குழாயை ஊதிப் பாருங்கள். நீங்கள் இதுவரை கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இன்ஜெக்டரை மாற்றியவரிடம் ஒன்று கேளுங்கள். பல காமன் ரெயில் இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒரு குறியீட்டு எண் பொறித்திருக்கும். புதுசு போட்டால் அதை இசிஎம்மில் ஏற்ற வேண்டும். ஏற்றினாரா? விழித்தால் பதில் தெரிந்துவிட்டது. மாற்றும் முன்னால், எந்த இன்ஜெக்டர் தேய்ந்தது என்று தெரிய, ரிட்டர்ன் குழாய்களில் நாலு பாட்டிலைக் கட்டி, எதில் அதிகம் டீசல் திரும்புகிறது என்று பார்த்தாரா என்றும் கேளுங்கள். அந்தச் சோதனைக்கு நாலு பாட்டிலும் கொஞ்சம் டியூபும் போதும்.

சரி, புது வண்டி. எட்டு லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று போட்டால் மாதம் 17,200 ரூபாய் வரும். உங்கள் 78,000 என்பது நாலரை டியூ. அதாவது ஒரு வருடத்தின் கோபம் நாலரை மாதத் தவணை. வண்டி ஓடினாலும் நின்றாலும் டியூ வந்துகொண்டே இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு எட்டு வயது முடிந்துவிட்டதால் எஃப்சி (தகுதிச் சான்று) இனி வருடா வருடம். அது ஒரு செலவுதான், ஆனால் டியூ அளவுக்கு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்பது உண்மை. அதற்காக ஓடிப்போய் வாங்க வேண்டாம். கோளாறு தெரியாத வண்டியை எக்ஸ்சேஞ்சில் விட்டால், "இழுக்கவில்லை" என்ற ஒரு வார்த்தைக்கே ஐம்பது ஆயிரத்தைக் கழித்துவிடுவார்கள். முதலில் சரிசெய்யுங்கள். விற்பதானாலும் ஓடுகிற வண்டியாக விற்கலாம்.

சேஸிஸ் துருப்பிடித்து வெல்டிங் மேல் வெல்டிங் விழுந்திருந்தாலோ, ஆயில் ஊற்றி மாளவில்லை என்றாலோ எனக்கு எழுதுங்கள். அப்போது உங்கள் மனைவி கட்சிக்கு வந்துவிடுகிறேன்.

கேள்வி: 2021-ல் எடுத்த பிஎஸ்6 பிக்கப்பில் தண்ணீர் கேன் போடுகிறேன். ஊருக்குள் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர்தான் ஓட்டம். டிபிஎஃப் (புகை வடிகட்டி) லைட் எரிந்து பவர் போகிறது. ஃபில்டரை மாற்ற 90,000 கேட்கிறார்கள். வெளியே ஒருவர் 12,000-க்கு அதைக் குடைந்து எடுத்து, இன்ஜின் கம்ப்யூட்டரின் 'மேப்'பையும் மாற்றித் தருகிறேன் என்கிறார்.
வாசகர், திருப்பூர்

பதில்: பன்னிரண்டாயிரத்துக்கு ஆசைப்படாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'மேப்' போடுகிறவர் பெயர் ஆர்சியில் இல்லை, உங்கள் பெயர்தான் இருக்கிறது.

டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது எரித்துவிடும் வடிகட்டி. எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நாலு தெரு ஓடி, நிறுத்தி, கேன் இறக்கி, மறுபடி நாலு தெரு ஓடினால் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? எரிக்கத் தொடங்கும்போதெல்லாம் நீங்கள் சாவியை அணைக்கிறீர்கள். ஆயில் கேஜை இழுத்துப் பாருங்கள். அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கரியை எரிக்க விட்ட டீசல் எரியாமல் கீழே ஆயிலில் கலந்திருக்கிறது. உடனே ஆயில் மாற்றுங்கள், சாம்பல் குறைவான, மேனுவலில் சொன்ன கிரேடு மட்டும்.

மாற்றும் முன்னால் ஸ்கேனர் வைத்து நின்ற இடத்தில் ரீஜெனரேஷன், அதாவது கரியை எரிக்கும் வேலையை, செய்யச் சொல்லுங்கள். கரி அளவு எல்லை தாண்டாவிட்டால் பெரும்பாலும் எரிந்துவிடும். பிரஷர் சென்சாரின் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் இதே லைட் எரியும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் பைபாஸில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். தண்ணீர் கேனுக்கு அவிநாசி வரை போக மனசு வராது, தெரியும். வேறு வழியில்லை. அடுத்த வண்டி டீசலே வேண்டாம். 25 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு சிஎன்ஜியோ எலக்ட்ரிக்கோ போதும். உங்களிடம் டீசல் பிக்கப் விற்றவர் தினசரி ஓட்டம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேள்வி: பழைய பிக்கப்பை இரண்டு வருடம் முன்பு விற்றேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்னும் டிராஃபிக் அபராதம் என் போனுக்கே வருகிறது.
வாசகர், தேனி

பதில்: அபராதம் மட்டும் வருகிறதே என்று நிம்மதி அடையுங்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்றவர் கடமையும்தான். வாங்கியவரை நம்பி ஃபார்மைக் கொடுத்துவிட்டு வருகிறோம், நம் ஊர் வழக்கம் அது. இன்றைக்கே எம்பரிவாகன் செயலியில் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கியவர் வீட்டுக்கு நாளைக் காலை நேரில் போங்கள். ஃபார்ம் 29 நகலும் விற்றதற்கான ரசீதும் வைத்து ஆர்டிஓவுக்கு ஒரு மனு கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.