மலிவு விலையில் 'மில்லியனர்' குளிர்கண்ணாடி: வாங்கலாமா?

கேள்வி: பாரிசில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு, பாடகர் ஃபாரெல் வில்லியம்ஸ் வடிவமைப்பில் பங்கேற்ற, பிரெஞ்சு ஆடம்பர நிறுவனமான லூயி வித்தோனின் 'மில்லியனர்' குளிர்கண்ணாடியைக் கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். "அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் சரக்கு" என்கிறாராம். லென்ஸ் நல்ல கறுப்பு. கண்ணுக்குக் கெடுதல் வருமா?

பதில்: வரலாம். லென்ஸின் கறுப்புக்கும் அது புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கும் தொடர்பே இல்லை. சாயம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் குறைக்கும். புற ஊதாவைத் தடுப்பது லென்ஸ் செய்யப்பட்ட பொருளும் அதில் சேர்க்கும் தடுப்புப் பூச்சும்தான். அவை இல்லாத கறுப்பு லென்ஸை மாட்டினால், இருட்டென்று எண்ணிக் கண்பாவை விரிந்துகொள்ள, கதிர் தடையின்றி உள்ளே போகும். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் கண்புரைக்கு வழி வகுக்கும்.

விற்பவர் ஓர் அட்டையை நீட்டுவார். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடி வழியே பார்த்தால் மீனோ படகோ தோன்றும். அது லென்ஸ் போலரைஸ்டு வகை, அதாவது தண்ணீரிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைப்பது என்பதை மட்டுமே காட்டுகிறது. புற ஊதாவைப் பற்றி அந்த அட்டை எதையும் சொல்லாது. கண்ணாடிக் கடையில் புற ஊதாவை அளக்கும் யூவி மீட்டரில் லென்ஸை வைத்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

காதில் மாட்டும் கம்பியின் உட்புறத்தில் உள்ள சிஇ (CE) முத்திரையையும், அதாவது ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்ற அடையாளத்தையும், நம்பிவிடாதீர்கள். ஐரோப்பிய விதியில் குளிர்கண்ணாடி முதல் வகைப் பாதுகாப்புச் சாதனம், அதாவது மிகக் குறைந்த ஆபத்துக்கானது. ஆகவே தயாரிப்பாளரே சோதித்து, தானே உறுதி கூறி, தானே முத்திரை பதிக்கலாம். சைக்கிள் ஹெல்மெட்டுக்கு வெளி அமைப்பின் சோதனையைக் கட்டாயமாக்கிய அதே விதி, கண்ணை மட்டும் விற்பவரின் நாணயத்திடம் ஒப்படைத்திருப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போலி செய்பவனுக்கு இரண்டு எழுத்துகளை அச்சடிப்பது ஒரு வேலையா?

இனி அந்த ஏஜென்ட். லூயி வித்தோனுக்கு ஏஜென்ட் கிடையாது. தள்ளுபடி விற்பனையும் கிடையாது. புதிய சரக்கு அதன் சொந்தக் கடைகளிலும் சொந்த இணையதளத்திலும் மட்டுமே கிடைக்கும். எனவே "அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்" என்ற சொல்லே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிரான்சில் போலிப் பொருளைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதும் சுங்கக் குற்றம். பறிமுதலோடு அபராதமும் உண்டு. அதைக் கட்டப்போவது உங்கள் தம்பி, இடைத்தரகர் அல்ல.

ஒரே ஒரு விலக்கு, பழைய அசல். மார்க் ஜேக்கப்ஸ் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக இருந்தபோது, ஃபாரெலும் ஜப்பானிய வடிவமைப்பாளர் நிகோவும் சேர்ந்து உருவாக்கிய தடித்த சதுர ஃபிரேம் இது. பின்னர் அங்கே ஆண்கள் பிரிவின் தலைவராக இருந்த வெர்ஜில் அப்லோ இதற்கு மறுவடிவம் தந்தார். 2023-இல் ஃபாரெலே அந்தப் பிரிவின் தலைவரானார். இத்தனை காலம் புழங்கியதால், ஒருவர் வாங்கி அணிந்த அசல் கண்ணாடி மறுவிற்பனைக்கு வருவது இயல்பு. அதை வாங்குவது சட்டத்துக்கு உட்பட்டதும்கூட. ஆனால் அழகான பெட்டியையோ துணிப்பையையோ சான்றாக ஏற்காமல், முதலில் வாங்கியவரின் கடை பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அசலே ஆனாலும் பழைய லென்ஸில் கீறல் விழுந்திருக்கலாம், யாராவது மலிவு லென்ஸை மாற்றியும் இருக்கலாம். ஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டு, புற ஊதாவை முழுதாகத் தடுக்கும் யூவி 400 என்ற அளவில், மூன்றாம் வகைக் கறுப்பில் (லென்ஸின் கருமையை 0 முதல் 4 வரை வகை பிரிப்பார்கள்) புது லென்ஸ் போடச் சொல்லுங்கள். நான்காம் வகை வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.