தினமும் 10 கிலோமீட்டர் ஓடுறேன், 4,500 மீட்டர் ட்ரெக்ல எனக்கு ஆல்டிட்யூட் சிக்னஸ் (உயரத்துல ஆக்ஸிஜன் கம்மியா கிடைக்கறதால வர்ற தலைவலி, குமட்டல்) வருமா?

வரலாம். ஃபிட்னஸுக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தமே இல்ல, சொல்லப்போனா நல்லா ஓடுற ஆளுங்கதான் வேகமா ஏறிட்டு சாயங்காலம் டென்ட்ல தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. வீட்ல ஆக்ஸிமீட்டர்ல 98 காட்டுதுன்னு நம்பிடாதீங்க, மேல போனா என்ன ஆகும்னு அது சொல்லாது.

முதல்ல பாக்க வேண்டியது, இதுக்கு முன்னாடி 2,500 மீட்டருக்கு மேல தூங்கினப்போ தலைவலி, குமட்டல் வந்துச்சாங்கறது. வந்திருந்தா மறுபடி வர்ற சான்ஸ் அதிகம். அடுத்தது உங்க ப்ளான், அதுல பகல்ல எவ்ளோ உயரம் தொடுறீங்கங்கறத விட ராத்திரி எங்க படுக்கறீங்கங்கறதுதான் கணக்கு, 3,000 தாண்டினப்புறம் படுக்கற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ரெஸ்ட் வேணும். 3,200ல இருந்து நேரா 4,100ன்னு போட்டிருந்தா அந்த ட்ரெக்க நான் புக் பண்ண மாட்டேன்.

இதய, நுரையீரல் பிரச்சனை இருந்தா, கர்ப்பமா இருந்தா டாக்டர்ட்ட கேளுங்க. இது வராம தடுக்கற அசெட்டசோலமைடு மாத்திரையும் அவர் சொன்னா மட்டும்தான், சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தா அதையும் சொல்லிடுங்க.

மேல போய் நேர்கோட்டுல அடிமேல் அடி வெச்சு நடக்கச் சொன்னா தள்ளாடுறீங்க, இல்ல சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குதுன்னா, ராத்திரின்னாலும் உடனே கீழ இறங்கிடணும்.