இலண்டன் நண்பரோடு கசினோவுக்குப் போகலாமா?

கேள்வி: வயது 34, மட்டக்களப்பில் தனியார் நிறுவனமொன்றில் வேலை. சம்பளம் ஒரு இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டார் சைக்கிள் லீஸிங், சீட்டு எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன. கூடப் படித்தவன் இலண்டனிலிருந்து வந்திருக்கிறான். அடுத்த மாதம் நாலு பேராகக் கொழும்புக்குப் போய் ஒரு இரவு கசினோ பார்ப்போம், உள்ளே போகும் காசை நானே கட்டுகிறேன் என்கிறான். எனக்கும் ஆசைதான். எவ்வளவு கொண்டுபோகலாம், எதை விளையாடலாம்? தோற்றால் அடுத்ததை இரட்டிப்பாகக் கட்டினால் தோல்வியே வராதாமே? மனைவிக்குச் சொல்வதா, விடுவதா? இன்னொன்று, வருகிறவர்களில் ஒருவன் போன முறை போய்வந்த பிறகு மனைவியின் காப்பை அடகு வைத்தவன்.
— வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, முதலில் வாசற்படிக் கணக்கைப் பார்ப்போம். இலங்கைக் குடிமக்கள் கசினோவுக்குள் போக அமெரிக்க டொலரில் வரி கட்ட வேண்டும். 50 டொலராக இருந்த அதை 100 ஆக உயர்த்த 2025இல் அரசு முடிவெடுத்தது. 100 டொலர் என்றால் ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாய். காசுக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லையான சிப் ஒன்றைக் கூடக் கையில் வாங்க முன்னரே உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதை நண்பர் கட்டுகிறார் என்பதால்தான் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசவே முடிகிறது. கூச்சப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே போன பிறகு அவர் காசில் ஒரு சிப் கூட வேண்டாம். 'இந்தா மச்சான், வென்றால் தா' என்று நீட்டுவார். பவுணில் சம்பாதிக்கிறவருக்கு அது சில்லறை, உங்களுக்கு லீஸிங் தவணை.

இனி மேசைக் கணக்கு. ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் குழியில் விழும் என்று காசு கட்டும் ஆட்டம். சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஒரே எண்ணில் கட்டி வென்றால் 35 மடங்குதான் தருவார்கள். அந்தப் பூச்சியம்தான் வீட்டுக்காரரின், அதாவது கசினோவின் பங்கு, கட்டும் காசில் 2.7 வீதம். சிவப்பு, கறுப்பு என்று கட்டினாலும் இதே வீதம்தான். சில சக்கரங்களில் இரண்டு பூச்சியம் இருக்கும். அங்கே 5.26 வீதம், ஏறக்குறைய இரட்டிப்பு. உட்கார முன்னர் சக்கரத்தை எட்டிப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

சுற்றுக்கு 1,000 ரூபாய் வீதம் மணிக்கு 40 சுற்று விளையாடினால் நாற்பதாயிரம் ரூபாய் மேசையில் உருளும். அதில் 2.7 வீதம் 1,080 ரூபாய். ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதன் விலை சராசரியாக அவ்வளவுதான். மூன்று மணி நேரத்துக்கு 3,240. மலிவாக இருக்கிறதே என்று தோன்றும். சராசரி என்பது பல நூறு இரவுகளுக்கு. உங்களுக்கு இருப்பது ஒரு இரவு. சிவப்பு கறுப்பில் மட்டும் கட்டினாலும் அந்த மூன்று மணி நேரத்துக்குள் பத்தாயிரம், பதினையாயிரம் மேலும் கீழும் போவது சாதாரண விஷயம். அதனால்தான் சொல்கிறேன், இருபதாயிரம் கொண்டுபோங்கள், அதற்கு மேல் வேண்டாம். லீஸிங்கும் சீட்டும் கட்டிய பிறகு அந்த இருபதாயிரம் மிஞ்சாது என்றால், கொழும்புக்குப் போங்கள், சாப்பிடுங்கள், கடற்கரையில் நடங்கள். கசினோவை விட்டுவிடுங்கள். மேசையின் குறைந்தபட்சத் தொகை 1,000ஐ விடப் பெரிதாக இருந்தாலும் அந்த மேசை உங்களுடையதல்ல. நண்பர் உட்காருகிறார் என்பதற்காக நீங்களும் உட்காராதீர்கள்.

அந்த இருபதாயிரம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே செலவாகிவிட்ட காசு. மீதி கையோடு வந்தால் சந்தோஷம். வங்கி அட்டையை ஹோட்டல் அறையில் வைத்துவிட்டுப் போங்கள், போனில் இருக்கும் வங்கி செயலியையும் அன்றைக்கு அழித்துவிடுங்கள். சிப்பாக மாறியதும் காசு காசு மாதிரித் தெரியாது. அங்கே சாப்பாடும் குடியும் பெரும்பாலும் இலவசம், அதை உபசாரம் என்று மட்டும் நினைக்காதீர்கள். குடிப்பதாக இருந்தால் விளையாடி முடித்த பிறகு குடியுங்கள்.

பக்கரட் என்ற சீட்டாட்டம் எளிது, பாங்கர், பிளேயர் என்ற இரண்டு பக்கத்தில் எது வெல்லும் என்று கட்டுவதுதான், யோசிக்க ஒன்றுமில்லை. பாங்கர் பக்கம் கட்டினால் வீட்டின் பங்கு 1.06 வீதம், பிளேயர் பக்கம் 1.24. சமநிலையில் மட்டும் கட்டாதீர்கள், எட்டு மடங்கு ஆசை காட்டி 14 வீதத்துக்கு மேல் எடுப்பார்கள். 21ஐத் தாண்டாமல் சீட்டுச் சேர்க்கும் பிளாக்ஜாக் விளையாடத் தெரிந்தவருக்கு நல்லது, தெரியாதவருக்குச் செலவு. ஊரில் 304 என்ற சீட்டாட்டம் அடித்துப் பழகிய கை அங்கே உதவாது.

இரட்டிப்பாக்கும் வித்தைக்கு வருவோம். 500இல் தொடங்கி 1,000, 2,000, 4,000 என்று போனால் ஏழு முறை தொடர்ந்து தோற்றதும் போன காசு 63,500. எட்டாவதாகக் கட்ட வேண்டியது 64,000, அதுவும் வெறும் 500 ரூபாய் இலாபத்துக்காக. அவ்வளவு தொகையை அந்த மேசை ஏற்குமோ என்பது வேறு கதை, உச்ச வரம்பு வைத்திருப்பார்கள். ஏழு முறை தொடர்ந்து தோற்பது அதிசயமும் இல்லை. இப்படித் தொடங்கும் நூறு தடவையில் ஒரு தடவை நடக்கும். 1913இல் மொனாக்கோவின் மொன்டே கார்லோ கசினோவில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று கட்டியவர்கள் அள்ளி அள்ளி இழந்தார்கள். முந்திய சுற்றில் என்ன விழுந்தது என்று சக்கரத்துக்குத் தெரியாது.

மனைவிக்குச் சொல்லுங்கள், போக முன்னர், தொகையோடு. 'கொழும்புக்குப் போகிறேன், இருபதாயிரம் தோற்கலாம்' என்று வாயால் சொல்ல முடியாத தொகை என்றால் அது உங்களுக்கு அதிகமான தொகை. வந்த பிறகு சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும், உங்களுக்கே தெரியும். மறக்காமல் திரும்பி வரும் ரயிலுக்கும் இப்போதே இருக்கை பதிந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கடைசி வரிதான். காப்பை அடகு வைத்தவருக்கு நான் மேலே எழுதிய எதுவும் பொருந்தாது. இருபதாயிரம், மூன்று மணி நேரம் என்ற எல்லையெல்லாம் நிறுத்த முடிந்தவர்களுக்கு. போனதை மீட்கத்தான் அவர் வருகிறார் என்று நினைக்கிறேன். அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவருக்காக நாலு பேரும் திட்டத்தை மாற்றினாலும் தகும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் இதைப் பற்றிப் பேசலாம். நேரில் போகக் கூச்சம் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம். காப்பு இன்னும் அடகில்தானா என்று அவரிடம் கேளுங்கள். நண்பர்கள் முன்னால் கேட்டால் சிரித்துச் சமாளித்துவிடுவார், தனியாக இருக்கும்போது கேளுங்கள்.