காலநிலை பற்றி மாணவருக்கு என்ன தெரியும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குக் காலநிலை மாற்றம் பற்றி 20 வினாக்களில் தேர்வு வைத்தேன். எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. பெரும்பாலோர் 8 முதல் 10 மதிப்பெண். பாதியாவது தெரிந்திருக்கிறது என்று கொள்ளலாமா?
– அறிவியல் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: கொள்ள வேண்டாம். வினாவைப் படிக்காமலே குறித்தாலும் 20-க்குச் சராசரியாக 5 விழுந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், ‘தெரியாது’ என்பதும் ‘தப்பாகத் தெரியும்’ என்பதும் அந்தத் தாளில் ஒரே பூஜ்யமாகத்தான் நிற்கின்றன. தெரியாத பிள்ளைக்குப் பாடம் நடத்தினால் போதும். தப்பாகத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் தப்பை முதலில் எடுத்தாக வேண்டும்.

இதைப் பிரித்துக் காட்டுவது மூன்றடுக்கு வினா. ஒன்றை மட்டும் பாருங்கள்.

“ஓசோன் படலத்தின் ஓட்டைதான் பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம்.” சரியா, தவறா?
ஏன்? (அ) ஓட்டை வழியாகக் கூடுதல் வெயில் உள்ளே இறங்குகிறது. (ஆ) தரை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைக் கரியமில வாயு உறிஞ்சுகிறது. (இ) ஆலைகளும் வண்டிகளும் கக்கும் சூடு காற்றிலேயே தங்குகிறது. (ஈ) சூரியன் முன்பைவிட அதிகமாக எரிகிறது.
எவ்வளவு உறுதி? நிச்சயம் / ஓரளவு / ஊகம்.

‘தவறு, ஆ, நிச்சயம்’ என்று குறித்தவருக்குப் புரிந்திருக்கிறது. ‘சரி, அ, நிச்சயம்’ என்பது ஆழமாக வேரோடிய தவறான கருத்து. பல நாட்டு மாணவர்களிடமும் காணப்படுவது. ‘தவறு, இ’ என்று குறித்தவரைக் கவனியுங்கள்: சாதாரணச் சரியா-தவறா வினாவில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். முதல் இரண்டு அடுக்கும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண் என்று வைத்தால், குருட்டாம்போக்கில் கிடைக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றாகச் சுருங்கும்.

வினாவில் ‘முக்கியக்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஓசோனைச் சிதைக்கும் குளோரோபுளூரோகார்பன்கள் பசுமை இல்ல வாயுக்களும்தான். அந்தச் சொல் இல்லாவிட்டால் நன்றாகப் படித்த பிள்ளைதான் தடுமாறும். சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ஆங்கில வினாத்தாளை மொழிபெயர்த்து ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?
– கல்வியியல் ஆய்வு மாணவர், மதுரை

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் முதலில் சொற்களைச் சோதியுங்கள். ‘பருவநிலை மாற்றம்’ என்று எழுதினால், கோடை போய் மழைக்காலம் வருவதைத்தான் சொல்கிறீர்கள் என்று சில மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். விடை தப்பாகும்; குற்றம் அறிவில் இல்லை, சொல்லில். ‘காலநிலை மாற்றம்’ என்றே எழுதி, ‘வானிலை’ வேறு என்பதைத் தனி வினாவாக வையுங்கள். உதாரணமாக, 2015 டிசம்பரில் சென்னையில் கொட்டிய மழையைச் சொல்லி, அந்த ஒரு நிகழ்வை மட்டும் வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று முடிவு கட்டலாமா என்று கேட்கலாம். சுமார் 30 ஆண்டுப் பதிவு வேண்டும் என்பதே எதிர்பார்க்கும் விடை.

தாளை அச்சடிக்கும் முன் ஐந்தாறு மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு வினாவையும் உரக்கப் படித்து, தங்களுக்கு என்ன புரிந்தது என்று சொந்தச் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான். இதைச் செய்யாத ஆய்வின் எண்களை நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: எந்த வினாவை நீக்குவது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். 40 பேர் என்றால் மேலே 11, கீழே 11 (சுமார் 27 விழுக்காடு). ஒரு வினாவுக்கு மேல்குழுவில் 9 பேரும் கீழ்க்குழுவில் 4 பேரும் சரி என்றால், 9-இல் 4 போக 5. அதை 11-ஆல் வகுத்தால் 0.45. தெரிந்தவரையும் தெரியாதவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதற்கான எண் இது. 0.45 என்றால் நல்ல வினா. 0.2-க்குக் கீழே போனால் திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். கழித்தல் குறியோடு வந்தால் முதலில் உங்கள் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். ஒரு வகுப்பை வைத்து வரும் எண் ஆடும். இரண்டு மூன்று பள்ளிகளைச் சேர்த்தால் நிலைக்கும்.

கேள்வி: ‘மின்விளக்கை அணைப்பேன்’, ‘பேருந்தில் செல்வேன்’ போன்றவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் தரலாமா?

பதில்: கூடாது. ஆசிரியருக்குப் பிடித்ததையே பிள்ளைகள் குறிப்பார்கள். வீட்டில் வண்டியே இல்லாத பிள்ளை பேருந்தில் வருவது காலநிலை அறிவுக்குச் சான்றும் அல்ல. மனப்பான்மையைத் தனி அட்டவணையில் வையுங்கள்.

கேள்வி: பாடம் நடத்திய பின் முன்னேற்றத்தைக் கணக்கிடுவது எப்படி?

பதில்: கூடிய மதிப்பெண்ணை, கூடியிருக்கக்கூடிய மதிப்பெண்ணால் வகுங்கள். 40 விழுக்காட்டிலிருந்து 55-க்கு வந்தால் 15/60, அதாவது 0.25. 70-இலிருந்து 85 என்றால் 15/30, அதாவது 0.5. பின்தேர்வைப் பாடம் முடிந்த மறுநாளோடு நிறுத்தாமல், ஆறு வாரம் கழித்து இன்னொரு முறையும் வையுங்கள். மறுநாள் தேர்வில் மனப்பாடம்தான் தெரியும். பெயருக்குப் பதில் குறியீட்டு எண் கொடுத்து, முன்தேர்வும் பின்தேர்வும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். பின்தேர்வு அன்று விடுப்பெடுத்தவர்கள் பெரும்பாலும் குறைந்த மதிப்பெண்காரர்களாக இருந்தால், பாடமே நடத்தாமலும் வகுப்புச் சராசரி ஏறியிருக்கும்.